3 அடி கண்ணாடித் தொட்டியில் மீனும் கீரையும்: பள்ளத்தூர் வீட்டுக்குள் அக்வாபோனிக்ஸ் வைக்க யோசனை வேண்டும்

பள்ளத்தூர் வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் பழைய வீட்டில் நானும் ஆத்தாவும் மட்டும் இருக்கிறோம். கொல்லையில் நல்ல செம்மண், கிணற்றடி ஈரம் எல்லாம் இருந்தும் கீரை எடுக்க முடியவில்லை. காரணம் மயில். விடிவதற்குள் கூட்டமாக வந்து அரைக்கீரை, தண்டுக்கீரை, புதினாத் தளிர் என்று ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. வலை கட்டலாம் என்றால் அதன் கால் சிக்கிக்கொள்ளும் என்று ஆத்தா விடமாட்டார்கள். எனக்கும் அந்தப் பறவையைக் காயப்படுத்த மனசு வராது. அதனால் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மகன் சிங்கப்பூர் போவதற்கு முன் வாங்கிய கண்ணாடி மீன் தொட்டி ஒன்று சாமான் அறையில் இருக்கிறது. 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கொல்லையில் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இதில் மீன் விட்டு, அந்தத் தண்ணீரை பம்பு போட்டு மேலே செடித் தொட்டிக்கு ஏற்றி, வடிந்து மறுபடி மீனிடமே விழும்படி செய்ய ஆசை. மீன் கழிவு செடிக்கு உரம், செடி வடிகட்டிய தண்ணீர் மீனுக்கு என்பது வரை படித்துப் புரிந்துகொண்டேன். கேட்க வேண்டியது நம் ஊர்த் தண்ணீரையும் நம் வீட்டையும் பற்றித்தான். இணையத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள், இங்கே சித்திரை வெயில் எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது.

வீட்டைச் சொல்லிவிடுகிறேன். முகப்பு, வளவு தாண்டினால் இரண்டாம் கட்டு. அங்கே திறந்த முற்றம், நான்கு பக்கமும் பத்தி, அதாவது கூரை போட்ட நடை. தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல், கணவரின் ஐயா காலத்தில் போட்டது. இன்றைக்கும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. அதன் மேல் அவ்வளவு பாரம் வைக்கலாமா? கல் விரிசல் விட்டால் அதே பூவில் மாற்றுக் கல் கிடைப்பது கஷ்டம். முற்றத்தை ஒட்டி எந்தப் பக்கம் வைப்பது நல்லது? பர்மாத் தேக்கில் ஒரு பழைய மேஜை இருக்கிறது, அதன் மேல் வைக்கலாமா, இல்லை இரும்பு ஸ்டாண்டு அடிக்க வேண்டுமா?

இன்னொன்று. கல்யாணச் சீராக வந்த செம்பு அண்டா, பித்தளைக் கொப்பரை எல்லாம் சும்மா கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஜல்லி கொட்டிச் செடித் தொட்டியாக வைத்தால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்று தோன்றுகிறது. சரியாக வருமா?

எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. வாளியில் வெள்ளையாகப் படிந்துவிடும். மழைக்காலத்தில் ஓட்டுத் தாழ்வாரத்தில் விழும் தண்ணீரைப் பிடித்து சின்டெக்ஸ் தொட்டியில் சேர்த்து வைக்கிறோம். குழாயில் காவிரித் தண்ணீரும் சில நாள் வரும். எதை ஊற்றுவது?

ஆத்தாவுக்கு வாரம் ஒரு நாள் கீரை மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் கீரைக் குழம்பு) வேண்டும். இந்தத் தொட்டியை நம்பி அதைச் செய்ய முடியுமா என்பதையும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும் பேரனுக்கு மீன் பார்க்க வேண்டும். சாப்பிடுவதற்காக மீன் வளர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை.


தேவகோட்டை கண்ணாடித்தொட்டி எழுதியது:

ஆச்சி, வணக்கம். கண்ணாடித் தொட்டி ஒட்டுவதுதான் என் தொழில். அதனால் பாரம், ஸ்டாண்டு, குழாய் இவற்றைப் பற்றி நான் சொல்கிறேன். தண்ணீர் பற்றி இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

உங்கள் தொட்டி விளிம்புவரை நிரப்பினால் 125 லிட்டர் பிடிக்கும். மேலே 2 அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 110 லிட்டர், அதாவது 110 கிலோ. 8 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் தொட்டியே 25 கிலோவுக்கு மேல் இருக்கும். ஸ்டாண்டும் சேர்த்தால் 150 கிலோவைத் தாண்டும். ஆத்தங்குடிக் கல் இந்தப் பாரத்தைத் தாங்கும். ஆனால் ஸ்டாண்டின் நாலு கால் நுனியில் மட்டும் மொத்தப் பாரமும் இறங்கக் கூடாது. இரண்டு நீளப் பலகையைத் தரையில் போட்டு, பலகைக்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்து, அதன் மேல் காலை நிறுத்துங்கள். இரும்புக் கால் ஈரத்தோடு நேராகக் கல்லில் நின்றால் துருக்கறை இறங்கிவிடும், அதை எதைப் போட்டுத் தேய்த்தாலும் எடுப்பது கடினம். அந்தக் கல்லையே கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றித்தான் வார்க்கிறார்கள். அந்த வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வந்தது. அதனால் கரகரப்பான எதையும் கீழே இழுக்காதீர்கள்.

தேக்கு மேஜை வேண்டாம். மரத்தைக் குறை சொல்லவில்லை, பர்மாத் தேக்கு நம்மைத் தாண்டியும் இருக்கும். மேஜை பக்கவாட்டில் ஆடும், தொட்டியின் ஒட்டுக்கு அந்த ஆட்டம் ஆகாது. தினமும் நாலு சொட்டு சிந்திக்கொண்டே இருக்கும் என்பதால் அவ்வளவு நல்ல மரத்தை ஈரத்தில் வைப்பதும் பாவம். சதுரக் குழாயில் ஸ்டாண்டு அடித்து, மேலே பிளைவுட், அதன் மேல் அரை அங்குல தெர்மாக்கோல், அதன் மேல் தொட்டி. ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சரிபார்த்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். செடித் தொட்டியைக் கண்ணாடி விளிம்பின் மேல் உட்கார வைக்கவே கூடாது. தண்ணீர் உள்ளிருந்து தள்ளுவதைத் தாங்கத்தான் கண்ணாடியை ஒட்டியிருக்கிறோம், மேலிருந்து பாரம் அழுத்துவதற்கு அல்ல. ஸ்டாண்டையே இரண்டு அடுக்காக அடிக்கச் சொல்லுங்கள்: கீழே மீன், மேலே செடி. இரண்டுக்கும் நடுவில் கை விட்டுச் சுத்தம் செய்ய ஒரு அடியாவது இடைவெளி வேண்டும். கண்ணாடியில் ஓட்டை போடும் யோசனையும் வேண்டாம். கடினப்படுத்திய கண்ணாடியாக இருந்தால் துளைபோடும்போதே தூள்தூளாகிவிடும். பம்பு மீன் தொட்டிக்குள், வடிகால் மேல் தொட்டியில். இப்படி வைத்தால் ஓட்டை தேவையே படாது.

செடித் தொட்டிக்கு 2 அடிக்கு 1 அடி, 8 அங்குல ஆழத்தில் கனமான கறுப்பு பிளாஸ்டிக் டப் போதும். 35 லிட்டர் பிடிக்கும். கருங்கல் ஜல்லி போட்டால் 55 கிலோ ஆகும். செடி வளர்க்க விற்கும் சுட்ட களிமண் உருண்டை போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. உங்கள் வீட்டில் நான் என்றால் உருண்டைதான் போடுவேன். ஜல்லிதான் என்றால் அரை அங்குல ஜல்லி, தூள் போகும்வரை கழுவி, ஒரு கைப்பிடியில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், வேண்டாம்.

வடிகாலுக்கு டப்பின் அடியில் துளைபோட்டு முக்கால் அங்குல பிவிசி குழாயை நேராக நிறுத்துங்கள், 6 அங்குல உயரம். ஜல்லி மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும். மேலாக ஈரம் தெரிந்தால் பாசியும் கொசுவும் வரும். குழாயின் அடிப்பக்கத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை. பம்பு நின்றதும் அது வழியாகத் தொட்டி வடிந்து வேருக்குக் காற்று கிடைக்கும். அதைச் சுற்றி, துளைகள் போட்ட 3 அங்குலக் குழாய் ஒன்றை உறை மாதிரி நிறுத்தினால் ஜல்லி உள்ளே வராது. இணையத்தில் எல்லோரும் பெல் சைஃபன் என்பார்கள், தண்ணீர் நிரம்பியதும் தானாகவே இழுத்து வடித்துவிடும் மூடிக் குழாய் அது. பார்க்க அழகுதான், ஆனால் இவ்வளவு சின்னத் தொட்டியில் அது ஒரு நாள் இழுக்கும், ஒரு நாள் இழுக்காது. ஒரு டைமர் வாங்கி 15 நிமிடம் ஓட்டு, 45 நிமிடம் நிறுத்து என்று வைத்துவிட்டால் ஒழுங்காக நடக்கும்.

மேல் தொட்டி நிரம்பும்போது கீழே 2 அங்குலம் இறங்கும், வடியும்போது ஏறும். ஆகவே மேல் தொட்டி காலியாக இருக்கும்போதுதான் கீழே அளவு பார்த்து நிரப்ப வேண்டும். பம்பை அடித்தளத்தில் போடாமல் பாதி உயரத்தில் தொங்கவிடுங்கள். வடிகால் என்றைக்காவது வேரால் அடைத்துக்கொண்டால் பம்பு தண்ணீர் முழுவதையும் தரையில் கொட்டிவிடும். உயரத்தில் இருந்தால் பாதித் தண்ணீரோடு நின்றுபோகும், மீன் பிழைக்கும்.

18 வாட் பம்பு போதும், பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று போட்டிருக்கும். 3 அடி உயரம் ஏற்றும்போது அதில் பாதிகூட வராது, நமக்கு அது தாராளம். தனியாக ஒரு ஏர் பம்பு 24 மணி நேரமும் ஓட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீரில் காற்று கரைவதே குறைவு. பின்புறமும் இரண்டு பக்கவாட்டும் வெளியிலிருந்து கறுப்புச் சார்ட் ஒட்டிவிடுங்கள், பேரன் பார்க்க முன்பக்கம் மட்டும் போதும். வெளிச்சம் பட்டால் கண்ணாடி பச்சையாகிவிடும், செடிக்குப் போக வேண்டிய சத்தைப் பாசி தின்றுவிடும்.


காரைக்குடி வேதியியல் எழுதியது:

ஆச்சி, முதலில் அண்டா. செம்பும் கூடாது, பித்தளையும் கூடாது. பித்தளையில் செம்போடு துத்தநாகமும் இருக்கிறது. தண்ணீர் ஓயாமல் சுற்றும்போது அணு அணுவாகக் கரைந்து சேரும். நாம் குடிக்கும் செம்புத் தண்ணீரில் இருப்பதைவிடக் குறைந்த அளவே மீனின் செவுளைக் கெடுக்கப் போதும், நத்தை இருந்தால் அது முதலில் போகும். ஈயம் பூசியது என்றாலும் நம்பாதீர்கள், பூச்சு தேயும். நாகத் தகட்டு வாளியும் அப்படித்தான். மழைத் தண்ணீரைக்கூட அண்டாவில் பிடித்து வைத்து இதில் ஊற்ற வேண்டாம். உங்கள் சின்டெக்ஸ் தொட்டியில் இருப்பதே நல்லது.

நான் அழகப்பா கல்லூரியில் வேதியியல் படித்தவன், வேலை ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் மீனை முதலில் விடுபவர்கள். முதலில் வளர்க்க வேண்டியது பாக்டீரியாவை. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவதைத்தான் செடி விரும்பி எடுக்கும். இந்த இரண்டு கூட்டமும் உங்கள் ஜல்லியில் குடியேற நம் ஊர் வெப்பத்தில் 4 வாரம், சில சமயம் 6 வாரம்கூட ஆகும். அதுவரை தொட்டியில் மீன் வேண்டாம். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிடுங்கள், அதிலிருந்து அம்மோனியா வரும். செடியை அப்போதே நட்டுவிடலாம்.

டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் நான்கும் உள்ளதாக. முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கி, இரண்டும் பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் மீன் விடலாம். அதுவும் முதலில் நாலைந்து மீன் மட்டும்.

அடுத்து உங்கள் போர் தண்ணீர். வெள்ளைப் படிவைப் பார்த்தால் பிஎச் 8 பக்கம் இருக்கும் என்று தோன்றுகிறது, அளந்து பாருங்கள். பிஎச்சைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றுதான் கொடிய விஷம். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதம்கூட அந்த விஷ வடிவில் இருக்காது. அதே தண்ணீர் பிஎச் 8 என்றால் 7 சதவீதத்துக்கு மேல். பிஎச் ஒரு எண் ஏறினால் விஷம் ஏறக்குறைய 10 மடங்கு. பாக்டீரியாவுக்கு 8 பிடிக்கும், செடிக்கு 6 பிடிக்கும், மீன் நடுவில். 7 ஐ ஒட்டி வைத்தால் மூன்றும் ஒத்துப்போகும்.

அதற்காக எலுமிச்சை பிழிவதோ புளி கரைப்பதோ வேண்டாம். எலுமிச்சைச் சாறு பாக்டீரியாவையே தாக்கும். அது போக, கடினத் தண்ணீரில் உள்ள கார்பனேட் நீங்கள் ஊற்றும் அமிலத்தை விழுங்கிவிட்டு மறுநாளே பழைய பிஎச்சுக்கு வந்துவிடும், அந்த ஏற்ற இறக்கத்தில் மீன் சாகும். முதல் நிரப்பலுக்கு மழைத் தண்ணீர் பாதி, போர் தண்ணீர் பாதி. மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதாதா என்றால், போதாது. பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்க கார்பனேட் வேண்டும். வெறும் மழைத் தண்ணீரில் அது இருக்காது, திடீரென்று பிஎச் 6க்குக் கீழே விழுந்து பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். உங்கள் போர் தண்ணீரின் கடினம் இந்த இடத்தில் உங்களுக்கு உதவி. மற்ற ஊர்களில் இதற்காகச் சுண்ணாம்புத் தூளைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள்.

ஆனால் தினசரி வற்றும் தண்ணீரை ஈடுகட்ட மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஆவியாகப் போவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதன் மேல் மறுபடியும் போர் தண்ணீரை ஊற்றினால் கோடை முடிவதற்குள் தொட்டி உவராகிவிடும். சின்டெக்ஸ் தீர்ந்துபோனால் காவிரித் தண்ணீர் எடுக்கலாம். அதில் குளோரின் இருக்கும், அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் பம்புக் குழாய் நுனியில் மாட்டும் ஏர் ஸ்டோனைப் போட்டுக் குமிழிவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். முதல் மழையில் ஓட்டுத் தூசியும் பறவை எச்சமும் வரும், அதை விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடிக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, செட்டிநாட்டு வீடுகளில் பிறந்தவர்களுக்கு அது தெரியும்.


கோனாபட்டு மாடித்தோட்டம் எழுதியது:

ஆச்சி, மயில் தொல்லை எங்களுக்கும் உண்டு. அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கீரை மண்டி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் எவ்வளவு இலை வரும் என்பது மீனின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல, நீங்கள் போடும் தீனியைப் பொறுத்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்லும் கணக்கில் இலைக் கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி. உங்கள் 2 அடி டப் சுமார் 0.19 சதுர மீட்டர். அப்படியானால் தினம் 8 கிராம் அளவில் தீனி போக வேண்டும். மோலி மாதிரிச் சின்ன மீன் 30 விட்டால்கூட அவை 2, 3 கிராமுக்கு மேல் சாப்பிடாது. உள்முற்றத்து வெளிச்சத்தில் செடி மெதுவாகத்தான் வளரும், அதன் தேவையும் குறையும் என்பதால் டப் முழுவதும் பச்சையாக இருக்கும். ஆனால் வாரம் ஒரு கட்டு அரைக்கீரை இதில் வராது. துவையலுக்குப் புதினா, ரசத்துக்கு இரண்டு கொத்து, வல்லாரை, துளசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிள்ளப் பொன்னாங்கண்ணி என்று வரும். ஆத்தாவின் மண்டிக்கு மாதம் ஒரு முறை பொன்னாங்கண்ணியைச் சேர்த்துவைத்து அறுக்கலாம்.

அதற்காகத் தீனியைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். 5 நிமிடத்தில் தின்று முடிப்பது எவ்வளவோ அவ்வளவுதான்.

விதை போட வேண்டாம், தண்டு நடுங்கள். சந்தையில் வாங்கும் புதினாவில் முற்றிய தண்டாகப் பார்த்து அடி இலைகளை உருவிவிட்டு ஜல்லியில் இரண்டு அங்குலம் செருகினால் பத்து நாளுக்குள் வேர் விடும். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் அப்படியே. கொத்தமல்லி கார்த்திகை முதல் தை வரை சரி, பங்குனி பிறந்தால் பூத்துவிடும். தக்காளி, மிளகாய் ஆசையை இந்தத் தொட்டியில் விட்டுவிடுங்கள், அதற்கு இதைவிட அதிகச் சத்தும் முழு வெயிலும் வேண்டும்.

இடத்துக்கு வருவோம். முற்றத்தின் வடக்குப் பத்தி ஓரம்தான் என் ஓட்டு. ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அந்த வெயில் சரிவாக வந்து வடக்குப் பத்தியில் விழும். சித்திரைக்குப் பிறகு உச்சியில் நிற்பதால் முற்றத்து நடுவில்தான் வெயில் இருக்கும், பத்தி ஓரத்துக்கு எதிரொளி மட்டும். செடிக்கு அந்தக் கோடையில் அதுவே இதம், மீனுக்கும் சூடு ஏறாது. மேல் அடுக்கு மட்டும் முற்றத்துப் பக்கம் இருக்கட்டும், மீன் தொட்டியில் நேர் வெயில் படவே கூடாது. ஓட்டுத் தாழ்வாரத்து மழை நேராகக் கொட்டும் கோட்டிலிருந்தும் இரண்டு அடி உள்ளே தள்ளி வையுங்கள். இலை வெளிறித் தண்டு நீண்டுகொண்டே போனால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். அப்போது 30 வாட் வெள்ளை எல்இடி ஒன்றைச் செடிக்கு ஒரு அடி மேலே கட்டி 12 மணி நேரம் எரியவிடலாம்.

காரைக்குடி ஐயா சொன்ன கடினத் தண்ணீரில் ஒரு நோய் நிச்சயம் வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச் சத்துக் குறை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டால் அந்தத் தண்ணீரில் துருவாகப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. உரக்கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் இடிடிஏ (EDTA) இரும்பும் பிஎச் 7க்கு மேல் தாங்காது. இடிடிஹெச்ஏ (EDDHA) இரும்பு என்று கேட்டு வாங்குங்கள். இரும்பு 6 சதவீதம் உள்ள பொடி என்றால் உங்கள் 110 லிட்டருக்கு மூன்றரை கிராம் போதும், மறுபடி மஞ்சள் தெரிந்தால் மட்டும் அடுத்த முறை. தண்ணீர் செம்பருத்திச் சாறு நிறமாகும், பயப்பட வேண்டாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

ஒன்றைக் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாடித்தோட்டக்காரர்கள் யாராவது வந்து பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் ஊற்றச் சொன்னால் ஊற்றாதீர்கள். மண்ணுக்கு அவை அமிர்தம். இங்கே தண்ணீரில் கலந்த மறுநிமிடமே காற்றை உறிஞ்சிவிடும், அம்மோனியாவும் ஏறும், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். வேப்பெண்ணெய்க் கரைசலும் சோப்புத் தண்ணீரும் அப்படித்தான். மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கொத்தைக் கிள்ளி வெளியே போடுங்கள். அசுவினியை ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.


பள்ளத்தூர் வளவு எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மாதம் ஒரு மண்டி என்றதும், கிள்ளிப் போட்ட புதினாவே போதும், மீதிக் கீரையைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அண்டாக்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஸ்டாண்டு அடிக்கச் சொல்லிவிட்டேன், இரண்டு அடுக்கு, வடக்குப் பத்திக்கு. போர் தண்ணீரை அளந்தேன், 8.2 காட்டுகிறது. மழைத் தண்ணீர் பாதி கலந்து வாளியில் ஒரு நாள் வைத்து அளந்ததில் 7.8. இது போதுமா அண்ணன், இன்னும் இறக்க வேண்டுமா?

தம்பி தேவகோட்டை, மீன் எது என்று நீங்கள் சொல்லவில்லையே. பேரன் கோல்ட்ஃபிஷ் கேட்கிறான். அப்புறம் மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு எடுத்தால் சாயங்காலம்தான் வரும். தைப்பூசத்துக்கு நான் பழனிப் பாதயாத்திரை போவது வழக்கம். அந்த நாட்களில் ஆத்தா மட்டும்தான் வீட்டில். குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய அவர்களால் ஆகாது.


காரைக்குடி வேதியியல் எழுதியது:

7.8 போதும் ஆச்சி, எதுவும் சேர்க்காதீர்கள். பாக்டீரியா வேலை தொடங்கியதும் அதுவே மாதக் கணக்கில் மெல்ல இறங்கும். அதுவரை மீன் குறைவாக, தீனி குறைவாக. மாதம் இரு முறை பிஎச் பாருங்கள், 6.8க்குக் கீழே போனால் அப்போது மட்டும் ஒரு வாளி போர் தண்ணீரை இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றுங்கள்.

மீன் விட்ட பிறகு நைட்ரைட் என்றைக்காவது தெரிந்தால் தீனியை நிறுத்திவிட்டு லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு கரைத்து ஊற்றலாம், அதாவது உங்கள் தொட்டிக்கு 110 கிராம். உப்பில் உள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழையவிடாது. ஒரு முறை போட்டால் அது தண்ணீரிலேயே இருக்கும், திரும்பத் திரும்பப் போடக் கூடாது.


தேவகோட்டை கண்ணாடித்தொட்டி எழுதியது:

ஆச்சி, கோல்ட்ஃபிஷ் குளிர்ச்சியை விரும்பும் மீன். பத்தி நிழலில் பிழைக்கும், ஆனால் அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும்போது அது படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காது. மோலியும் கப்பியும் விடுங்கள். இரண்டுக்கும் கடினத் தண்ணீர்தான் இஷ்டம், சூடும் தாங்கும், கொசுப் புழுவையும் தின்னும். முதலில் ஐந்து, ஒரு மாதம் கழித்துப் பத்து. குட்டி போட்டுப் பெருகி 30 ஆவதற்கு அதிக நாள் ஆகாது. குட்டி நீந்துவதைப் பார்த்தால் பேரன் கோல்ட்ஃபிஷ்ஷைக் கேட்கமாட்டான். ஜிலேபிக் கெண்டை விடச் சொல்லி யாராவது வருவார்கள், அதன் மேம்படுத்திய ரகமான கிஃப்ட் திலேப்பியாவுக்கு மீன்வளத் துறை அனுமதி வேண்டும், இவ்வளவு சின்னத் தொட்டியில் அது வளரவும் வளராது.

மின்தடைக்கு ஏர் பம்பை மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள், 5 வாட்டுக்குள்தான் இழுக்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரி ஏர் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். தண்ணீர் பம்பு ஒரு பகல் நின்றால் ஜல்லி ஈரமாகவே இருக்கும், பாக்டீரியாவுக்கும் வேருக்கும் ஒன்றும் ஆகாது. அன்றைக்குத் தீனி போடக் கூடாது, அவ்வளவுதான். பம்பு, ஏர் பம்பு இரண்டும் சேர்ந்து மாதம் 7 யூனிட்டைச் சுற்றித்தான் வரும்.

பாதயாத்திரைக்குக் கவலையே வேண்டாம். வளர்ந்த மோலி ஒரு வாரம் தீனி இல்லாமல் இருக்கும், ஜல்லியிலும் கண்ணாடியிலும் உள்ள பாசியைக் கொறித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் யாரையாவது தீனி போடச் சொன்னால்தான் ஆபத்து, பாசத்தில் கைநிறையப் போட்டுவிடுவார்கள். கிளம்பும் முதல் நாள் வற்றிய அளவுக்கு மழைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். தை மாதத்தில் ஒரு வாரத்துக்கு அது தாங்கும்.

ஸ்டாண்டு வந்ததும் சொல்லுங்கள். என்னிடம் ஓடும் தொட்டியில் பழைய ஸ்பான்ஜ் ஃபில்டர் இருக்கிறது, பாக்டீரியா நிறைய குடியிருக்கிறது. பாதியை வெட்டித் தருகிறேன், அதை உங்கள் ஜல்லிக்குள் புதைத்துவிட்டால் 4 வாரம் என்பது பாதியாகக் குறையும். எடுக்க வரும்போது மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி கொண்டுவாருங்கள். என் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துத் தர வேண்டும், வழியில் காய்ந்தாலோ குழாய்த் தண்ணீர் பட்டாலோ செத்துவிடும். வீட்டுக்குப் போனதும் அன்றைக்கே புதைத்துவிட்டு, ஒரு சிட்டிகை தீனி போட்டுவிடுங்கள்.